பாடம் நடத்தும் உடல்

ஆசிரியர்களின் உடல்நலம் என்று பேச்செடுத்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது தொண்டை. அடுத்து ரத்தக்கொதிப்பு, சர்க்கரை. கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால், குதிகால் ஆகியவற்றின் பேச்சு வந்தால், 'வயசானா வர்றதுதானே' என்ற ஒரே வாக்கியத்தோடு அது முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஸ்டாஃப் ரூமை நிதானமாகப் பாருங்கள். கைப்பைக்குள் வலி மருந்துக் களிம்பு இருக்கும். நாற்காலியின் முதுகில் இடுப்பு பெல்ட் ஒன்று தொங்கும். இடைவேளையில் ஒருவர் செருப்பைக் கழற்றி எதிர்ச் சுவரில் குதிகாலை அழுத்திக்கொண்டிருப்பார். அவரவர் வலியை அவரவர் சொந்தக் கணக்கில் எழுதிக்கொண்டு, அவரவர் சொந்தச் செலவில் பார்த்துக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கு தவறான பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதே இன்று என் வாதம். இந்த வலிகளில் பெரும்பங்கு, பள்ளியில் வேலை ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும் முறையிலிருந்து வருகிறது. போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது, எத்தனை பீரியட் தொடர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது, எத்தனை நோட்டு திருத்த வேண்டியிருக்கிறது, உட்கார இடம் உண்டா இல்லையா என்பவை அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே அதைச் சரிசெய்யும் பொறுப்பும் அந்த ஏற்பாட்டைச் செய்பவர்களுக்கு உரியது.

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள உறவைப் பேச வேண்டுமானால் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாஸீனியிடமிருந்து தொடங்குவதே முறை. தொழிலாளர்களின் நோய்கள் குறித்த அவருடைய நூல் 1700-இல் வெளிவந்தது. நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று ஹிப்போகிரேட்டஸ் வகுத்த கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார் அவர்: நீ என்ன வேலை செய்கிறாய்? சுரங்கத்தில் இறங்குபவர், குயவர் போன்றோரோடு அவர் நிற்கவில்லை. நாள் முழுவதும் நின்று வேலை செய்வோரின் கால் நரம்புகள் புடைத்துச் சுருண்டுகொள்வதையும், எழுத்தர்கள் ஓயாமல் ஒரே திசையில் கையை அசைத்தும் அசையாமல் உட்கார்ந்தும் படும் துன்பத்தையும் தனித்தனி அத்தியாயங்களில் எழுதினார். பள்ளி ஆசிரியரின் நாளில் இந்த இரண்டு அத்தியாயங்களும் சேர்ந்தே வருகின்றன. காலையில் நிற்பவர், மாலையில் எழுத்தர். முந்நூறு ஆண்டுகள் கழித்தும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போகும் ஆசிரியையிடம் எக்ஸ்ரே எடுத்தாயிற்றா என்றுதான் கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பீரியட் என்று கேட்பவர் அரிது.

இதற்குச் சான்று என்ன என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பல நாடுகளில் ஆசிரியர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து எரிக், ஸ்மித் என்ற இருவர் 2011-இல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டார்கள். தசை, மூட்டுத் தொல்லை இருப்பதாகச் சொன்ன ஆசிரியர்களின் பங்கு, ஆய்வுக்கு ஆய்வு 39 சதவீதத்திலிருந்து 95 சதவீதம் வரை இருந்தது. அதிகம் சொல்லப்பட்டவை முதுகு, கழுத்து, தோள், கை. இவ்வளவு அகலமான இடைவெளியைப் பார்த்ததும் அறிவுள்ள எவருக்கும் ஐயம் வரும். இந்த ஆய்வுகளில் பல, 1987-இல் வடிவமைக்கப்பட்ட நார்டிக் வினாத்தாளைப் பயன்படுத்துபவை. அது உடலை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, கடந்த பன்னிரண்டு மாதங்களிலும் கடந்த ஏழு நாட்களிலும் எங்கே தொல்லை இருந்தது என்று கேட்கும். ஓராண்டில் ஒருமுறைகூட இடுப்பு வலிக்காதவர் எத்தனை பேர்? 2020-இல் உலகில் ஏறத்தாழ 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். போதாததற்கு, இவை பெரும்பாலும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்புகள். வேலை முதலில் வந்ததா வலி முதலில் வந்ததா என்று அவற்றால் சொல்ல முடியாது. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆசிரியர்களை மட்டும் எண்ணி இந்த வழக்கை முடித்துவிட முடியாது.

ஆனால் வழக்கு அங்கே நிற்கவில்லை. அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1997-இல் பல்வேறு தொழில்களைச் சேர்ந்த 600-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசியது. தொழிலின் பெயரை விட்டுவிட்டு, அந்தத் தொழிலில் உடல் எந்த நிலையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்தார்கள். கையை 60 பாகைக்கு மேல் உயர்த்தித் திரும்பத் திரும்ப, அல்லது நீண்ட நேரம் வேலை செய்வதற்கும் தோள் நோய்களுக்கும் தொடர்பு இருப்பதைச் சான்று காட்டுவதாக முடிவு செய்தார்கள். கழுத்தை ஒரே நிலையில் இறுக்கி வைத்திருப்பதற்கும் கழுத்து, தோள் வலிக்கும் உள்ள தொடர்புக்குச் சான்று வலுவாகவே இருந்தது. இடுப்பைப் பொறுத்தவரை பாரம் தூக்குவதற்குச் சான்று வலுவாகவும், குனிந்தும் முறுக்கியும் நிற்பதற்கு ஓரளவும் இருந்தது. அசையாமல் ஒரே நிலையில் இருப்பதற்கு மட்டும் போதிய சான்று இல்லை என்றும் நேர்மையாகச் சொன்னார்கள். அந்தக் கையில் இருப்பது பெயின்ட் பிரஷ்ஷா சாக்பீஸா என்பது தோளுக்குத் தெரியாது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி மாறுகிறது: ஆசிரியரின் கையும் கழுத்தும் முதுகும் உண்மையிலேயே அந்த நிலைகளில் இருக்கின்றனவா, எவ்வளவு நேரம்?

கரும்பலகையை எடுத்துக்கொள்வோம். இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர். அவருடைய தோள் தரையிலிருந்து சுமார் 125 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும், அதாவது நாலு அடிக்குச் சற்று மேலே. நான்கு அடி உயரமுள்ள ஒரு போர்டு, தரையிலிருந்து மூன்று அடி விட்டுப் பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்ளுங்கள். அதன் மேல்விளிம்பு ஏழு அடியில் நிற்கும். அந்தப் பலகையில் பத்தில் ஏழு பங்கு அவருடைய தோளுக்கு மேலே இருக்கிறது. பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதால் அந்த மேல்பகுதியில்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. கை தோளுக்கு மேலே போகும்போது, மேற்கை எலும்பின் தலைக்கும் தோள்பட்டை எலும்பின் நுனிக்கும் இடையிலுள்ள குறுகலான சந்தில் ஒரு தசைநாண் நெருக்கப்படுகிறது. உயர்த்திய கையை அப்படியே நிறுத்திவைக்கும் தசைகள் இறுகியே இருப்பதால் அவற்றுக்குள் ரத்த ஓட்டமும் குறைகிறது. எழுதிக்கொண்டே வகுப்பைக் கவனிக்க வேண்டும் என்பதால் கை பலகையில் இருக்க, கழுத்து பின்னால் திரும்பியிருக்கிறது. கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் படம் போட்டு, சமன்பாடு எழுதி, டஸ்டரால் அழித்து, மறுபடி எழுதி ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு பீரியட் இதைச் செய்கிறார்கள். பழைய பள்ளிக் கட்டடங்களில் போர்டுக்குக் கீழே சிமென்ட் மேடை ஒன்று இருக்கும். ஆசிரியருக்குக் கம்பீரம் தர அதைக் கட்டியதாகச் சொல்வார்கள். உண்மையில் அது தோளைக் காத்தது. புதிய வகுப்பறைகளில் மேடை போய்விட்டது, போர்டு மட்டும் கீழே இறங்கவில்லை.

நிற்பதைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நிற்கும்போது அந்தப் பம்ப் வேலை செய்வதில்லை. ரத்தம் கீழேயே தேங்கி நாளங்கள் வீங்குகின்றன, நாளாவட்டத்தில் வெரிகோஸ் நரம்பாகின்றன. சிமென்ட் தரையில், தட்டையான செருப்பில் மணிக்கணக்காக நிற்கும் குதிகால் காலையில் தரையில் ஊன்றியதுமே குத்துவதும் பல ஆசிரியர்களுக்குப் பழக்கமான வலி. முதுகுத்தண்டின் தட்டுகள் வேறு வகை. வளர்ந்தவர்களின் தட்டுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. சுற்றியிருக்கும் எலும்பிலிருந்து கசிந்து வருவதே அதற்கு ஊட்டம். சுமை ஏறி இறங்கி மாறும்போது நீர் உள்ளே போய் வெளியே வருவதும் அந்தப் பரிமாற்றத்துக்கு உதவுகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதர்களின் தட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சாய்மானம் இன்றி உட்காரும்போது நிற்பதைவிட அழுத்தம் கூடுகிறது என்றார். 1999-இல் ஜெர்மனியில் மறுபடி அளந்தபோது உட்காருவது பற்றிய அந்த முடிவு அப்படியே நிற்கவில்லை. ஆனால் முன்னால் குனிந்தால் அழுத்தம் ஏறுகிறது என்பதில் இரு அளவைகளும் ஒத்துப்போயின. ஆகவே நின்றால் கெடுதல், உட்கார்ந்தால் நல்லது என்று நான் சொல்லவில்லை. உடலுக்கு வேண்டியது மாற்றம். நிற்பவர் உட்காரவும், உட்கார்ந்தவர் எழவும், தேவைப்படும்போது முடிய வேண்டும். பல ஆசிரியர்களுக்குக் காலை முழுக்க அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. பொதுத்தேர்வு அறைக் கண்காணிப்பில் மூன்று மணி நேரம் ஒரேயடியாக வரிசைகளுக்கிடையே நின்று நடந்தே தீர்க்க வேண்டியிருக்கிறது.

இனி வகுப்பறைக்கு வெளியே நடக்கும் வேலை. எனக்கு இதுவே மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இதை யாரும் வேலையாகவே எண்ணுவதில்லை. தமிழாசிரியர் ஒருவருக்கு நான்கு பிரிவுகள், பிரிவுக்கு நாற்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். 160 நோட்டுகள். ஒரு நோட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகிறது. கட்டுரை நோட்டுக்கு ஒரு நிமிடம் எந்த மூலைக்கும் போதாது. இதன் மேல் பருவத் தேர்வு விடைத்தாள்கள், மதிப்பெண் பதிவேடு, பாடக்குறிப்பு. இது நடக்கும் இடம் எது? ஸ்டாஃப் ரூமில் நான்கு பேர் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு மேசையின் மூலை, அல்லது வீட்டில் கட்டிலின் மேல் மடியில் ஒரு தலையணை. கழுத்து முன்னால் சாய்ந்து நிற்கிறது. வளர்ந்த மனிதரின் தலை சுமார் நான்கரை முதல் ஐந்தரை கிலோ எடை. நேராக இருக்கும்போது கழுத்தெலும்பின் மேல் விழும் பாரமும் அவ்வளவே. 60 பாகை குனிந்தால் அது ஏறத்தாழ 27 கிலோவாகிறது என்று கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அறுவை மருத்துவர் 2014-இல் கணினி மாதிரி ஒன்றைக் கொண்டு கணக்கிட்டார். மாதிரிக் கணக்கு என்பதால் அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம்; திசை தெளிவாக இருக்கிறது. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் பெரிய தசையைப் பற்றி ஸ்வீடனின் யோரான் ஹாக் 1991-இல் முன்வைத்த கருத்து ஒன்று உண்டு. லேசான வேலைக்கும் அந்தத் தசையின் சில சிறு இழைகளே முதலில் எழுப்பப்படுகின்றன, கடைசியில்தான் ஓய்வு பெறுகின்றன. வேலை எவ்வளவு லேசானதாக இருந்தாலும் அது நிற்காமல் நீடித்தால் அந்த இழைகள் ஓய்வே இல்லாமல் சேதமடைகின்றன. 'பேனா பிடிச்சதுக்கா தோள் வலிக்குது?' என்று கேட்பவர்களுக்கு இதில் விடை இருக்கிறது. வேலை கடினமா என்பதைப் போலவே, அது இடையில் நிற்கிறதா என்பதும் முக்கியம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் சிக்கல் இதற்கு நேர் எதிரான பக்கத்தில் இருக்கிறது. அவர்களுடைய உலகம் குழந்தைகளின் உயரத்தில் அமைந்தது. தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், ஆசிரியரை நாற்காலியிலிருந்து இறக்கிக் குழந்தைகளோடு பாயில் உட்கார வைத்தது. சுவரின் அடியில் குழந்தைகள் எழுதத் தாழ்வான பலகைகள் வந்தன. கல்வியியல் நோக்கில் அது மிகச் சிறந்த மாற்றம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பாட்டும் ஆட்டமும் குழுச் செயல்பாடுமாகவே நடக்கிறது. ஆனால் ஐம்பது வயது ஆசிரியை ஒருவர் ஒரு காலைப்பொழுதில் எத்தனை முறை தரையில் உட்கார்ந்து எழ வேண்டியிருக்கிறது, எத்தனை முறை இடுப்பை வளைத்துக் குழந்தையின் கைபிடித்து எழுத வைக்க வேண்டியிருக்கிறது என்பதை எந்தத் திட்ட ஆவணம் எண்ணிப் பார்த்தது? ஜப்பானில் தட்டச்சர்களிடமும் தொலைபேசி இணைப்பாளர்களிடமும் முதலில் கண்டறியப்பட்ட கழுத்து–தோள்–கை நோய், பின்னர் குழந்தைக் காப்பகப் பணியாளர்களிடமும் மாற்றுத்திறன் குழந்தைகளின் பள்ளி ஆசிரியர்களிடமும் காணப்பட்டு, அங்கே தொழில்நோயாகப் பேசப்பட்டது. குழந்தையைத் தூக்குவதும் அதன் உயரத்துக்குக் குனிவதும் ஒரு தொழில் அசைவு என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நம் அங்கன்வாடிப் பணியாளர்களையும் சிறப்பாசிரியர்களையும் பற்றி இப்படி ஒரு பேச்சு இன்னும் தொடங்கவே இல்லை. போதாக்குறைக்கு வருகைப் பதிவும் மதிப்பீட்டுப் பதிவும் எமிஸ் என்ற கல்வித் தகவல் மேலாண்மை அமைப்பு வழியாகக் கைபேசிக்கு வந்துவிட்டன. கட்டைவிரலும் கழுத்தும் அதற்கு வேறு உழைக்க வேண்டும்.

'ஆசிரியைகளுக்குத்தானே அதிகம் வலிக்கிறது; வீட்டு வேலையால் வருவதைப் பள்ளியின் தலையில் கட்டலாமா?' என்றொரு மறுப்பு உண்டு. பெண் ஆசிரியர்களிடம் தொல்லை அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். நாட்டின் ஆசிரியர்களில் பாதிக்கு மேல் இப்போது பெண்கள். ஆகவே வீட்டு வேலை ஒரு காரணம் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் இதிலிருந்து பள்ளிக்குப் பொறுப்பில்லை என்ற முடிவுக்கு எப்படி வர முடியும்? விடியற்காலையில் சமையல், துவையல் முடித்து, பேருந்தில் நின்று வந்து சேரும் உடல் ஏற்கெனவே களைத்திருக்கிறது. அப்படிப்பட்ட உடல்களே பெரும்பான்மையாக வேலை செய்யும் இடம் பள்ளி என்று தெரிந்தால், அந்த வேலையை வடிவமைப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு சுமைகளில் ஒன்றை அரசாணையால் குறைக்க முடியாது. மற்றதைக் குறைக்க முடியும்.

மற்றொரு மறுப்பு இதைவிட நுட்பமானது. வலி உடலில் இருந்தாலும் வேர் மனத்தில் இருக்கிறது, மன அழுத்தமே காரணம் என்பார்கள். இதற்கும் சான்று உண்டு. போயிங் விமான ஆலைத் தொழிலாளர்கள் மூவாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து 1991-இல் வெளிவந்த ஆய்வில், வேலையில் நிறைவில்லாதவர்களே முதுகு வலி என்று அதிகம் முறையிட்டார்கள். ராபர்ட் கராசெக் 1979-இல் சொன்னது இன்னும் பொருத்தமானது: வேலையின் நெருக்கடி அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போது மனிதர் மனத்தளவில் அதிகம் நொறுங்குகிறார். ஆசிரியரின் நாளில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. தேர்ச்சி விழுக்காடு கேட்கப்படுகிறது, ஆய்வுக்கு எப்போது யார் வருவார் என்பது தெரியாது, கேட்ட புள்ளிவிவரத்தை அன்று மாலைக்குள் ஏற்ற வேண்டும். எழுந்து ஐந்து நிமிடம் நடக்கலாமா என்பதுகூட மணியின் கையில் இருக்கிறது. பதற்றத்தில் இருப்பவரின் தோள் தன்னையறியாமல் உயர்ந்து இறுகியே இருக்கும். ஆகவே மன அழுத்தம் காரணம் என்பது என் வாதத்தைக் கவிழ்க்கவில்லை. அந்த அழுத்தமும் வேலை ஏற்பாட்டிலிருந்தே வருகிறது.

மருத்துவமனையில் என்ன நடக்கிறது என்பதையும் பார்ப்போம். ஸ்கேன் எடுத்தால் 'டிஸ்க் தேய்மானம்' என்று வரும். அந்தச் சொல் ஆசிரியரைப் பயமுறுத்திவிடுகிறது. பள்ளி நிர்வாகத்துக்கு அது வசதி. தேய்மானம் வயதால் வந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளின் 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பில், இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் தட்டுத் தேய்மானம் தெரிந்தது. படத்தில் தெரிவதும் வலிப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அடுத்ததாகக் கையில் கொடுக்கப்படுவது பெல்ட். இடுப்பு வலி வராமல் தடுக்கும் வழிகளை ஆராய்ந்த 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றில், உடற்பயிற்சியும் அறிவுறுத்தலும் சேர்ந்தபோது அபாயம் ஏறத்தாழ 45 சதவீதம் குறைந்தது. அறிவுறுத்தல் மட்டும், பெல்ட், செருப்புக்குள் வைக்கும் அட்டை ஆகியவை தடுத்ததாகத் தெரியவில்லை. லான்செட் இதழ் 2018-இல் வெளியிட்ட கட்டுரைத் தொடரும் அதையே வலியுறுத்தியது: தேவையற்ற ஸ்கேனையும் ஊசியையும் அறுவையையும் குறையுங்கள், நோயாளியை இயங்க வையுங்கள். 'அப்படியானால் ஆசிரியர்கள் யோகா செய்யட்டுமே, அதோடு முடிந்ததே' என்று இங்கே சிலர் எழுந்து சொல்லக்கூடும். உடற்பயிற்சி தேவை என்பதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் 299 நிமிடம் வீட்டு வேலையும், கல்வி உரிமைச் சட்டம் தயாரிப்பு நேரத்தையும் சேர்த்துக் குறைந்தபட்சமாக வகுத்த வாரம் 45 மணி நேரப் பள்ளி வேலையும், அதற்கு மேல் பயணமும் உள்ள ஒருவருக்கு அந்தப் பயிற்சிக்கான நேரம் எங்கிருந்து வரும்? கால அட்டவணைக்குள் இடம் ஒதுக்காமல் உடற்பயிற்சி செய் என்று சொல்வது, அதையும் ஒரு வீட்டுப்பாடமாக ஆசிரியர் தலையில் ஏற்றுவதாகிவிடும்.

இனி சட்டம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, நின்று வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்களுக்கு, ஓய்வுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு இருக்க வேண்டும் என்றது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் தொடங்கிய போராட்டத்தின் விளைவாக, 2018-இல் கேரளம் கடைப் பணியாளர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021-இல் தமிழ்நாடும் தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, பணியாளர் அனைவருக்கும் இருக்கை கட்டாயம் என்றது. நம் ஜவுளிக்கடைகளில் நின்றே வாழ்நாளைக் கழித்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியரின் இருக்கையைப் பற்றி இப்படியொரு பேச்சு எழுந்ததாகத் தெரியவில்லை. அதற்கான காரணத்தின் ஒரு பகுதி 1988-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்றில் இருக்கிறது. கோவாவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஒருவரின் பணிநீக்க வழக்கில், பள்ளி ஒரு தொழில் நிறுவனமே என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், ஆசிரியர் மட்டும் தொழிலாளர் ஆகமாட்டார் என்றது. கல்வி புகட்டுவது உடலுழைப்பும் அல்ல, எழுத்தர் வேலையும் அல்ல, தொழில்நுட்ப வேலையும் அல்ல, அது ஓர் உன்னதப் பணி என்பது அதன் காரணம். அந்த மரியாதைக்கு நாம் தலைவணங்கலாம். ஆனால் 160 நோட்டுகளுக்கு மேல் குனிந்திருக்கும் கழுத்தையும், ஏழு அடி உயரத்துக்கு எட்டும் கையையும் அந்த உன்னதம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. பணிக்கொடையிலும் இதே கதைதான் நடந்தது. ஆசிரியர் சட்டப்படி 'பணியாளர்' வரையறைக்குள் வரமாட்டார் என்று 2004-இல் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் 2009-இல் 1997 முதல் செல்லும்படி அந்த வரையறையைத் திருத்தியது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை உறுதி செய்தது. பணிக்கொடையில் திருத்த முடிந்த விடுபடலை உடல்நலத்திலும் திருத்தலாம். தசை, மூட்டு நோய்களைத் தொழில்நோய்ப் பட்டியலில் தனித் தலைப்பாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன.

உட்கார்ந்து பாடம் நடத்தும் ஆசிரியர் சோம்பேறி என்ற எண்ணம் நம் சமூகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வகுப்பறையில் ஆசிரியருக்கு நாற்காலியே போடாத தனியார் பள்ளிகள் இருக்கின்றன. கண்காணிப்புக் கேமராவில் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் விளக்கம் கேட்கப்படும். அந்தப் பள்ளிகள் சொல்லும் காரணத்தில் ஒரு நியாயம் உண்டு: நடமாடும் ஆசிரியருக்கு வகுப்பின் மேல் கண் இருக்கும், கடைசி வரிசைப் பிள்ளையின் நோட்டையும் அவர் பார்ப்பார். அதை நானும் ஏற்கிறேன். ஆனால் நாற்காலி இருப்பதால் நடமாட்டம் நின்றுவிடும் என்பதற்கு என்ன ஆதாரம்? பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும் எட்டு நிமிடம் உட்கார முடிந்தவர், அடுத்த இருபது நிமிடம் நன்றாக நடமாடுவார். உயரமான ஸ்டூல் ஒன்று இருந்தால் பாதி சாய்ந்து உட்கார்ந்தபடியே முழு வகுப்பையும் பார்க்கலாம். 'கை நிறையச் சம்பளம், மே மாதம் முழுக்க விடுமுறை, இதற்கு மேல் என்ன வேண்டும்' என்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. அந்தச் சம்பளம் எல்லா ஆசிரியருக்கும் இல்லை. தனியார் பள்ளி ஆசிரியர்களையும் தற்காலிக ஆசிரியர்களையும் கேட்டால் தெரியும். மே மாத ஓய்வு ஜூலையின் கழுத்தை ஆற்றாது. ஆசிரியர்–மாணவர் விகிதம் இப்போது குறைந்துவிட்டதே என்பதும் சராசரியை வைத்துப் பேசுவது. நாட்டில் ஒரே ஆசிரியர் உள்ள பள்ளிகள் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. அங்கே ஐந்து வகுப்புக்கும் ஒரே உடல். ஊர்ப்புற நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகள் குறைய, நகரத்து மேல்நிலைப் பள்ளியில் ஒரு பிரிவில் ஐம்பதுக்கு மேல் உட்கார்ந்திருப்பதையும் நாம் காண்கிறோம்.

செய்ய வேண்டியவற்றில் பல செலவே இல்லாதவை. தலைமையாசிரியர் கால அட்டவணை போடும்போது ஒரே ஆசிரியருக்கு மூன்று பீரியட் தொடர்ந்து வராமலும், ஒரு பீரியட் தரைத்தளத்திலும் அடுத்தது மூன்றாம் மாடியிலும் விழாமலும் பார்த்துக்கொள்ளலாம். விடுப்பில் போனவரின் பீரியடை நிரப்பும்போது, அன்று காலை முழுக்க நின்றவரையே மறுபடி அனுப்பாமல் இருக்கலாம். எல்லா நோட்டிலும் எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மையும் கையொப்பமும் வேண்டும் என்ற ஆய்வு அலுவலர்களின் எதிர்பார்ப்பைத் தளர்த்தினால் வாரத்துக்குப் பல மணி நேரக் குனிவு மிச்சமாகும். பிள்ளைகள் தாமே ஒருவர் நோட்டை ஒருவர் சரிபார்ப்பதும் நல்ல கற்றல்தான். மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. இடுப்பு வலிக்கு அறுவை செய்தால் காப்பீடு கிடைக்கும், ஆறு வாரம் பிசியோதெரபிக்குப் போனால் கிடைக்காது என்ற நிலை, மருத்துவ அறிவுக்கே தலைகீழானது. முதலில் திருத்த வேண்டியது அது. ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு பள்ளியிலும் நார்டிக் வினாத்தாளின் ஒன்பது உடற்பகுதிகளுக்கான கேள்விகளைத் தமிழில் கேட்டுப் பதிவு செய்தால், பத்தாண்டில் எந்தப் பாட ஆசிரியருக்கு எங்கே வலிக்கிறது என்ற தெளிவான சித்திரம் நம் கையில் இருக்கும். இன்று சான்று போதாது என்று சொல்பவர்களும் நானும் சேர்ந்தே அதைக் கேட்கலாம்.

அவசரமானது ஒன்று இருக்கிறது. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் மாநிலமெங்கும் புதிய வகுப்பறைகள் எழுந்துகொண்டிருக்கின்றன. பழைய வகுப்பறைகளில் ஸ்மார்ட் போர்டுகள் பொருத்தப்படுகின்றன. இவை ஒருமுறை சுவரில் ஏறிவிட்டால் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அதே உயரத்தில்தான் இருக்கும். பொருத்த வருபவர் தன் உயரத்துக்கும் ப்ளக் பாயிண்ட் இருக்கும் இடத்துக்கும் ஏற்பத் துளையிட்டுவிட்டுப் போய்விடுவார். கட்டுமானச் செலவு மதிப்பீட்டுத் தாளில் போர்டின் நீள அகலத்தோடு தரையிலிருந்து அதன் மேல்விளிம்பின் உயரத்தையும் ஒரு வரி எழுத வேண்டும். 152 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் தோளை இறுக்காமல் எட்டும் உயரம் அதுவாக இருக்க வேண்டும். அப்படி அமைத்தால் பின்வரிசைக்குத் தெரியாது என்றால், பலகைக்கு முன்னால் ஓர் அடி உயர மேடையையும் அதே மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்திடும் பொறியாளர்களும், அதைச் சரிபார்க்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் இந்த அவையிலும் இருக்கக்கூடும். துளையிடுவதற்கு முன்னால் அந்த வகுப்பின் ஆசிரியரைச் சுவரருகே நிற்க வைத்து, கையை உயர்த்தச் சொல்லி, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.